வாயால் சொன்ன "இல்லை" செல்லாது

சட்டம் – கேள்வி-பதில்
(பதுளை நீதிமன்றங்களில் தொழில் புரியும் சட்டத்தரணி ஒருவர், பர்மிட், லைசன்ஸ் மறுப்பும் ரத்தும் பற்றி வந்த கடிதங்களுக்கு மட்டும் இம்முறை பதில் தருகிறார்.)

கேள்வி: பதுளை–பசறை–லுணுகலை பாதையில் ஓடும் என் பஸ்ஸின் பர்மிட்டைப் புதுப்பிக்கப் போனேன். "உங்கள் மேல் முறைப்பாடு இருக்கிறது, புதுப்பிக்க மாட்டோம்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். எந்தக் கோர்ட்டில் வழக்குப் போடுவது?
– செ.ப., லுணுகலை

பதில்: கோர்ட்டுக்கு எதைக் கொண்டு போவீர்கள்? "அவர் சொன்னார்" என்பதையா? நாளைக்கு அதே அதிகாரி, "நான் அப்படிச் சொல்லவேயில்லை, விண்ணப்பம் பரிசீலனையில் இருக்கிறது" என்று சத்தியக் கடதாசி முடிப்பார். அன்றோடு உங்கள் வழக்கு சரி.

விண்ணப்பத்தை எழுத்தில் கொடுங்கள். உங்கள் பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். முத்திரை குத்த மாட்டேன் என்றால் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டுத் துண்டைப் பத்திரமாக வையுங்கள். கடிதத்தின் கடைசியில் ஒரு வசனம் சேருங்கள்: மறுப்பதாயின், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் 35 ஆம் பிரிவின்படி அதற்கான காரணங்களை எழுத்தில் தர வேண்டும். இந்தச் சட்டம் ரோட்டுக் கொந்தராத்துக் கணக்குக் கேட்பதற்குத்தான் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். 35 ஆம் பிரிவை யாரும் புரட்டுவதில்லை. அரச அதிகாரி ஒருவரின் முடிவு உங்களைப் பாதித்தால், நீங்கள் கேட்டதும் அவர் காரணத்தை எழுதித் தர வேண்டும் என்று அது நேரடியாகவே சொல்கிறது. உங்கள் மேல் வந்த முறைப்பாட்டின் பிரதியையும் அதே சட்டத்தின் கீழ் தனியாகக் கேளுங்கள். தகவல் அதிகாரி 14 வேலை நாட்களுக்குள் தருவதா இல்லையா என்று முடிவு சொல்ல வேண்டும்.

மறுப்பு எழுத்தில் கைக்கு வந்த பிறகு, மாகாணத்துக்குள் ஓடும் பஸ் என்பதால் பதுளை மாகாண மேல் நீதிமன்றத்திலேயே எழுத்தாணை (ரிட்) கேட்கலாம். பயணிகள் பஸ் சேவை மாகாண சபைப் பட்டியலில் உள்ள விடயம். அரசியலமைப்பின் 154P உறுப்புரை அந்த நீதிமன்றத்துக்கு அதிகாரம் தருகிறது. கொழும்பு ஓடும் பஸ் என்றால் கதை வேறு. அது தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் விடயம், மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும்.

இதற்கிடையில் பர்மிட் இல்லாமல் பஸ்ஸை ரோட்டில் இறக்காதீர்கள். முறைப்பாட்டை நிரூபிக்க நீங்களே சாட்சி கொடுத்தது போலாகிவிடும்.

கேள்வி: வீட்டுக்கு மேல் சாய்ந்திருந்த பலா மரத்தை வெட்டிவிட்டோம். இப்போது பர்மிட் கேட்டால் பிரதேச செயலகம் மறுக்கிறது. மேன்முறையீடு செய்யலாமா?
– வி., தெமோதரை

பதில்: வெட்டிய பிறகு வாங்கும் பர்மிட் என்று ஒன்று கிடையாது. பலாவுக்கும் ஈரப்பலாவுக்கும் 1951 ஆம் ஆண்டிலிருந்தே முன் அனுமதி வேண்டும். உங்களுக்குத் தேவை மேன்முறையீடு அல்ல, நீதவான் நீதிமன்றத்தில் உங்களுக்காக எழுந்து நிற்க ஒரு சட்டத்தரணி. மரம் சாய்ந்திருந்தபோது எடுத்த படம் போனில் இருந்தால் அழிக்காதீர்கள்.

கேள்வி: அப்பாவுக்குக் கிடைத்த எல்.டி.ஓ. பர்மிட் காணி இப்போது என் பெயரில் இருக்கிறது. சிங்களத்தில் ஒரு கடிதம் வந்தது. வாசிக்கத் தெரிந்தவர்கள் வீட்டில் இல்லாததால் அலுமாரியில் வைத்துவிட்டேன். இரண்டாவது கடிதத்தைக் கிராம சேவகரிடம் காட்டியபோது பர்மிட் ரத்தாகிவிட்டது என்கிறார். இனி என்ன வழி, ஐயா?
– ஒரு தாய், ஹல்துமுல்லை

பதில்: அம்மா, முதலில் அந்த முதல் கடிதத்தை அலுமாரியிலிருந்து எடுங்கள். உங்கள் வழக்கு அதில்தான் இருக்கிறது.

1935 ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் (எல்.டி.ஓ.) கீழ் கொடுத்த பர்மிட்டை நினைத்த நேரத்தில் கிழித்துப் போட முடியாது. நிபந்தனை மீறப்பட்டதாகத் தோன்றினால், ஏன் ரத்துச் செய்யக் கூடாது என்று காரணம் காட்டுமாறு முதலில் அறிவித்தல் தர வேண்டும். எந்தத் திகதி, எத்தனை மணி, எந்த இடம் என்று அதில் இருக்க வேண்டும். காரணம் சொல்ல வந்தவரை விசாரித்த பிறகுதான் உத்தரவு. உங்கள் முதல் கடிதம் அந்த அறிவித்தல்தானா, எந்த நிபந்தனையை மீறியதாகச் சொல்கிறது, விசாரணை நடந்ததா, இவற்றைப் பார்க்க வேண்டும். அறிவித்தலே இல்லாமல் ரத்து வந்திருந்தால் உங்கள் கை ஓங்கியிருக்கிறது. அறிவித்தல் வந்து, நீங்கள் போகாமல் விட்டிருந்தால் கொஞ்சம் கஷ்டம். ஆனாலும் கதவு மூடிவிடவில்லை.

மொழி விடயம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள இடத்திலும் தமிழர் ஒருவர் அரச கந்தோரோடு தமிழில் கடிதப் போக்குவரத்து நடத்தவும், தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22 ஆம் உறுப்புரை உரிமை தருகிறது. அதற்கும் மேலாக, பதுளை மாவட்டத்தில் பல பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகவே வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருக்கின்றன. கடிதம் விளங்காத மொழியில் வந்தது என்பது உங்கள் தரப்பு நியாயங்களில் ஒன்று. அதை மனுவில் கட்டாயம் சொல்லுங்கள். ஆனால் அதை மட்டுமே நம்பி உட்காராதீர்கள். இந்தப் பக்கத்தை வாசிக்கும் மற்றவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அரச முத்திரையோடு விளங்காத மொழியில் ஒரு கடிதம் வந்தால் அன்றைக்கே தோட்டத்துப் பாடசாலை ஆசிரியரிடமோ, கடைக்காரரிடமோ ஓடுங்கள். நீங்கள் வாசிக்கவில்லை என்பதற்காகக் காலக்கெடு காத்திருக்காது.

இப்போது செய்ய வேண்டியது: இந்த வாரமே காணி ஆணையாளர் நாயகத்துக்கு மேன்முறையீட்டைத் தமிழிலேயே எழுதிப் பதிவுத் தபாலில் போடுங்கள். கோவையின் பிரதியைப் பிரதேச செயலகத்தில் கேளுங்கள். மேன்முறையீடும் தோற்றால் எழுத்தாணை மனு.

ஏன் இவ்வளவு அவசரப்படுத்துகிறேன் என்றால், ரத்துக்குப் பின்னால் வெளியேறும் அறிவித்தல் வரும். அது 1979 ஆம் ஆண்டின் அரச காணிகள் (ஆட்சி மீளப்பெறல்) சட்டத்தின் கீழ் நீதவானிடம் போய்விட்டால், அங்கே நீங்கள் காட்டக்கூடியது ஒன்றே ஒன்று: செல்லுபடியாகும் பர்மிட் அல்லது அரசு எழுத்தில் தந்த அதிகாரம். "எங்கள் அப்பா கொத்திய மண்" என்ற வாதத்துக்கு அந்தக் கோர்ட்டில் இடமில்லை. ரத்தை அதற்கு முன்னரே தாக்கியாக வேண்டும்.

ஒரு கேள்வி எனக்கும் இருக்கிறது. காணியில் ஒரு துண்டை முத்திரைக் கடதாசியில் எழுதி யாருக்காவது விற்றீர்களா? விற்றிருந்தால் முதல் சந்திப்பிலேயே உங்கள் சட்டத்தரணியிடம் சொல்லிவிடுங்கள். பர்மிட் என்பது உறுதி அல்ல. அனுமதியில்லாமல் விற்க முடியாது. எதிர்த்தரப்பு அந்தக் கடதாசியைக் கோர்ட்டில் நீட்டும்போது சட்டத்தரணி முதல் தடவையாகப் பார்க்கக் கூடாது.

கேள்வி: காணி பர்மிட் வழக்கையும் பதுளை மேல் நீதிமன்றத்திலேயே போட்டுவிடலாமே? கொழும்புக்குப் போக வசதியில்லை.
– ரா., ஹப்புத்தளை

பதில்: போடாதீர்கள். இந்தக் கேள்விக்கு ஏற்கெனவே ஒரு தோட்டத்துத் தமிழர் விலை கொடுத்திருக்கிறார். இராகலை ஸ்டஃபோர்ட் தோட்டத்தில் வெளியேறும் அறிவித்தல் வந்த சோலைமுத்து ராசு, கண்டி மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போனார். அதிகாரமில்லை என்றார்கள். மேன்முறையீட்டு நீதிமன்றம் உண்டு என்றது. கடைசியில் 2013 செப்டெம்பர் 26 அன்று உயர் நீதிமன்றம், அரச காணி பற்றிய அதிகாரம் மத்தியிலேயே இருக்கிறது, மாகாண மேல் நீதிமன்றத்துக்கு இதில் எழுத்தாணை அதிகாரம் இல்லை என்று முடித்தது. மூன்று நீதிமன்றங்கள் ஏறி இறங்கியும் பேசப்பட்டது எந்தக் கோர்ட் என்ற ஒரே கேள்விதான். பதின்மூன்றாவது திருத்தத்தில் காணி அதிகாரம் பற்றி அரசியல்வாதிகள் என்ன பேசினாலும், உங்கள் மனுவுக்கு இந்தத் தீர்ப்புத்தான் கணக்கு. காணி என்றால் கொழும்பு புதுக்கடைக்கு, மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கு பஸ் ஏறுங்கள்.

கேள்வி: சில்லறைக் கடை லைசன்ஸை ரத்துச் செய்து ஆறு மாதமாகிறது. அடிப்படை உரிமை மீறல் வழக்குப் போடலாமா?
– மு.க., பண்டாரவளை

பதில்: முடியாது. ஒரு மாதம்தான் காலம். அந்த ஒரு மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு முறைப்பாடு கொடுத்து, அங்கே விசாரணை நடந்துகொண்டிருந்தால் அந்தக் காலம் கணக்கில் சேராது. அவர்களின் பிராந்திய அலுவலகம் பதுளையிலேயே இருக்கிறது, நீங்கள் போகவில்லை. இனி எழுத்தாணை மட்டும்தான் மிச்சம். அதற்கு நாள் கணக்கு இல்லையென்றாலும், தாமதத்துக்கு விளக்கம் கேட்பார்கள். "மனம் சரியில்லை" என்பது விளக்கமல்ல.

கேள்வி: சிறுதோட்டக்காரர்களிடம் தேயிலைக் கொழுந்து வாங்கித் தொழிற்சாலைக்குக் கொடுக்கிறேன். என் பதிவை ரத்துச் செய்துவிட்டார்கள். சங்கத்துப் பெரியவர் ஒருவர் அமைச்சரிடம் பேசிக் கடிதம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அதுவரை பொறுத்திருக்கிறேன். லைசன்ஸ் அவர்கள் கொடுத்ததுதானே, எடுத்துக்கொண்டால் நாம் என்ன செய்ய முடியும்?
– த., ஹாலி-எல

பதில்: தம்பி, உங்கள் கடைசி வசனம்தான் என்னை எழுத வைக்கிறது.

"அவர்கள் கொடுத்தது, அவர்கள் எடுத்தார்கள்" என்பது ஒரு காலத்தில் இந்தத் தீவின் சட்டமாகவே இருந்தது. போர்க்காலக் கட்டுப்பாடுகளின் கீழ் துணி விற்க லைசன்ஸ் வேண்டியிருந்த நாட்கள் அவை. நக்குடா அலி என்ற வியாபாரியின் லைசன்ஸைத் துணிக் கட்டுப்பாட்டாளர் ரத்துச் செய்தார். அவர் வழக்காடி, லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனார். 1950 இல் அங்கே தோற்றார். கட்டுப்பாட்டாளர் ஒரு சலுகையைத் திரும்பப் பெறுகிறார், நீதிபதி போல் தீர்ப்பளிக்கவில்லை, ஆகவே எழுத்தாணை கிடையாது என்றார்கள். அதே தீர்ப்பில் நமக்குப் பயன்படும் ஒரு துளியும் இருக்கிறது: "நம்புவதற்கு நியாயமான காரணம் இருந்தால்" என்று சட்டம் சொன்னால், காரணம் உண்மையிலேயே இருக்க வேண்டும், அதிகாரி இருப்பதாகச் சொன்னால் போதாது.

அந்தச் சலுகைக் கதை நீண்ட நாள் நிலைக்கவில்லை. 1963 இல் இங்கிலாந்தின் பிரைட்டன் நகரப் பொலிஸ் தலைவரை விசாரிக்காமல் நீக்கிய வழக்கில், பிரபுக்கள் சபை நீதிபதி ரீட் பிரபு நக்குடா அலித் தீர்ப்பை வெளிப்படையாகவே குறை சொன்னார். இலங்கை நீதிமன்றங்களும் அந்தப் பழைய இடத்தில் நிற்கவில்லை. கருணாதாச எதிர் யுனிக் ஜெம் ஸ்டோன்ஸ் என்ற 1997 ஆம் ஆண்டு அறிக்கையிடப்பட்ட வழக்கில் நீதியரசர் மார்க் பெர்னாண்டோ, தான் முன்வைக்கும் வழக்கு காரணத்தோடு பரிசீலிக்கப்படுவது தரப்பினரின் உரிமை என்பதை அழுத்தமாக நிறுவினார். சட்டத்தின் முன் சமத்துவம் அரசியலமைப்பில் 12(1) ஆக நிற்கிறது. சட்டபூர்வமான தொழிலைச் செய்யும் உரிமை 14 இல் நிற்கிறது. உங்கள் வாயில் இருப்பது செத்துப்போன வாதம். எதிர்த்தரப்புச் சட்டத்தரணி கூட அதைச் சொல்ல வெட்கப்படுவார். நீங்கள் அவருக்காகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள்.

இந்த எண்ணம் எங்கிருந்து வருகிறது என்று எனக்குத் தெரியாமலில்லை. லயத்து அறையும், பேர் பதியும் வேலையும், கொழும்புக்குப் போய்வர ஒரு நாள் லீவும் தொரையின் மனம் பார்த்துக் கிடைத்த இடத்திலிருந்து வந்தவர்கள் நாம். கடதாசி எல்லாமே தயவு என்று பழகிவிட்டோம். அதனால்தான் மறுப்புக் கடிதம் வந்ததும் சட்டத்தைத் தேடாமல் ஆளைத் தேடுகிறோம். எம்.பி., மாகாண சபைக்காரர், சங்கத்துக்காரர், அவருடைய செயலாளர், அவருடைய மச்சான். என் மேசைக்கு வரும் கோவைகளில் பாதிக்குமேல் இப்படி ஆள் தேடிக் காலம் கடந்தவை. அமைச்சரின் சிபாரிசுக் கடிதம் ஒன்று மேலே அழகாகக் குத்தப்பட்டிருக்கும். கீழே காலாவதியான உரிமை.

காலம் போவது ஒரு நட்டம். இன்னொன்று அதைவிடப் பெரியது. சட்டம் முடிவெடுக்கும் அதிகாரத்தை யாரிடம் கொடுத்ததோ அவர்தான் தன் மூளையால் முடிவெடுக்க வேண்டும். மேலிடத்திலிருந்து வந்த போனுக்குப் பணிந்து எடுத்த முடிவை நீதிமன்றம் ரத்துச் செய்யலாம். அமைச்சர் பேசி உங்களுக்குப் பதிவு திரும்பக் கிடைத்தால், உங்கள் போட்டி வியாபாரி அமைச்சர் பேசியதையே காட்டிப் பதிவைப் பறிக்கலாம். மறுபக்கமும் யோசியுங்கள்: உங்கள் பதிவு போனதே யாரோ ஒருவரின் போனால் என்றால், உங்கள் கையில் இருக்கும் மிகப் பலமான வாதம் அது. அதை எப்படிக் காட்டுவது? கோவையின் உள்ளே, அதிகாரிகள் ஒருவருக்கொருவர் எழுதிக்கொள்ளும் குறிப்புகள் இருக்கும். தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தக் குறிப்புகளின் பிரதியைக் கேளுங்கள். "கௌரவ அமைச்சரின் பணிப்புரைக்கமைய" என்ற வரி அதில் எங்காவது இருந்தால் எனக்கு உடனே அறிவியுங்கள். தர மறுத்தால் 14 நாட்களுக்குள் அதே நிறுவனத்தின் குறித்தளிக்கப்பட்ட அதிகாரிக்கு மேன்முறையீடு, அதன் பிறகு தகவல் ஆணைக்குழு.

சங்கத்துப் பெரியவருக்கு நன்றி சொல்லிவிட்டு, ரத்துக் கடிதத்தில் எந்தச் சட்டத்தின் எந்தப் பிரிவு என்று போட்டிருக்கிறது என்று பாருங்கள். அந்தச் சட்டத்தில் மேன்முறையீடு இருந்தால் முதலில் அதைச் செய்யுங்கள். இருக்கும் வழியைத் தாண்டிக்கொண்டு நேராக எழுத்தாணைக்குப் போனால், "அங்கே ஏன் போகவில்லை" என்பதுதான் நீதிமன்றத்தின் முதல் கேள்வி. பிரிவே குறிப்பிடாத கடிதமாக இருந்தால் இன்னும் நல்லது, உங்களுக்கு.

கேள்வி: பண்டாரவளையில் வாகன சேர்விஸ் நிலையம் நடத்துகிறேன். பக்கத்து வீட்டுக்காரரின் பொறாமையால் சுற்றாடல் பாதுகாப்பு அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிக்க மறுத்துவிட்டார்கள்.
– ஜெ.

பதில்: மறுப்பை உங்களுக்கு அறிவித்த திகதியிலிருந்து 30 நாட்களுக்குள் சுற்றாடல் அமைச்சின் செயலாளருக்கு எழுத்தில் மேன்முறையீடு. 1980 ஆம் ஆண்டின் தேசிய சுற்றாடல் சட்டத்தில் இருக்கிறது. அதில் பொறாமை பற்றி எழுத வேண்டாம். எண்ணெய் கலந்த கழிவுநீர் எங்கே போகிறது, பொறி ஒன்று கட்டியிருக்கிறீர்களா என்று எழுதுங்கள். கட்டவில்லையென்றால் பக்கத்து வீட்டுக்காரர் சொல்வது சரி.

கேள்வி: பசறைப் பக்கம் சரிவில் வீடு கட்ட பிரதேச சபை அனுமதி தரவில்லை. தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு அபாயம் என்று எழுதிவிட்டதாம். முப்பாட்டன் காலத்திலிருந்து அங்கே ஒரு கல்லும் உருளவில்லை. இந்த அறிக்கையை உடைக்க முடியுமா?
– சு., பசறை

பதில்: உடைக்க என்னிடம் வராதீர்கள். 2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் லயங்கள் மண்ணுக்குள் போனதை மறந்துவிட்டோமா? அந்த இடம் ஆபத்தானது என்று முன்னரே சொல்லப்பட்டிருந்தது. முப்பாட்டன் காலத்தில் உருளாத மண் என்று அங்கேயும் யாரோ சொல்லியிருப்பார்கள்.

சட்டப்படி நீங்கள் செய்யக்கூடியது உண்டு, அதைச் செய்யுங்கள். அறிக்கையின் முழுப் பிரதியைக் கேளுங்கள். பிரதேச சபை சொன்ன ஒரு வரிச் சுருக்கம் போதாது. கட்டவே கூடாது என்கிறதா, வடிகால், தாங்குசுவர், மாடி எண்ணிக்கை போன்ற நிபந்தனைகளோடு கட்டலாம் என்கிறதா என்று பாருங்கள். இரண்டாவது வகை என்றால் திருத்திய வரைபடத்தோடு மீண்டும் விண்ணப்பியுங்கள், பிரதேச சபை அதைப் பரிசீலிக்க வேண்டும். முதலாவது வகை என்றால் பிரதேச செயலகத்தில் மாற்றுக் காணி கேட்டுக் கடிதம் கொடுங்கள். அந்தக் கடிதத்தை வேண்டுமானால் நான் காசு வாங்காமல் எழுதித் தருகிறேன்.

கேள்வி: லைசன்ஸ் மனைவியின் பெயரில். கடையை நடத்துவது நான். மனுவை என் பெயரில் போட்டால் என்ன?
– ந., வெலிமடை

பதில்: வழக்கு வெளியே வந்து விழும். 1966 இல் யாழ்ப்பாண மாநகர சபையை அமைச்சர் விளக்கம் கேட்காமலே கலைத்தார். முதல்வர் துரையப்பா வழக்குப் போட்டார். விளக்கம் கேட்டிருக்க வேண்டும் என்று பிரிவி கவுன்சில் ஒப்புக்கொண்டது. ஆனாலும் முறையிட வேண்டியது சபை, முதல்வர் தனியாக அல்ல என்று சொல்லி வழக்கைத் தள்ளியது. நியாயம் பக்கத்தில் இருந்தும் தோற்றதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை. மனைவி கையொப்பமிடட்டும்.

கேள்வி: எழுத்தாணை வழக்கில் வென்றால் கோர்ட்டே லைசன்ஸ் கொடுக்குமா?
– அதே வாசகர்

பதில்: கொடுக்காது. பிழையான முடிவை ரத்துச் செய்யும். சட்டப்படி மீண்டும் முடிவெடு என்று அதிகாரிக்குக் கட்டளையிடும். இரண்டாவது தடவை ஒழுங்காக விசாரித்து, ஒழுங்கான காரணத்தோடு மறுபடியும் மறுக்கலாம். ஆனால் முதல் தடவை காரணமில்லாமல் மறுத்தவர்களுக்கு இரண்டாவது தடவை காரணம் கிடைப்பது அவ்வளவு சுலபமில்லை.

கேள்வி: சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணமில்லை.
– பெயர் வேண்டாம், ஸ்பிரிங்வெலி

பதில்: சட்ட உதவி ஆணைக்குழுவின் பதுளை நிலையத்துக்குப் போங்கள். வருமானம் பார்த்து உதவுவார்கள். சம்பளத் துண்டு, அடையாள அட்டை, வந்த கடிதங்கள் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். கடிதம் வந்த உறையையும் எறியாதீர்கள். தபால் முத்திரையின் திகதி அதில்தான் இருக்கிறது.

வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள்: மூலப் பிரதிகளை எனக்கு அனுப்ப வேண்டாம். போட்டோப் பிரதி போதும். பர்மிட்டின் முன்பக்கத்தோடு நிபந்தனைகள் அச்சிட்ட பின்பக்கத்தையும் சேர்த்துப் பிரதி எடுங்கள். இம்மாதம் வந்த கடிதங்களில் பின்பக்கம் இல்லாதவற்றுக்குப் பதில் எழுத முடியவில்லை.